எண்ணெய்ச் சீலை

வீட்டுக்குள் விழுகிற அடி ஒரு நாளில் ஆறிவிடும். நாலு பேர் பார்க்க விழுந்த அடி ஆறுவதென்றால் அந்த நாலு பேரும் மறக்க வேண்டும். ஜெயனியின் கன்னத்தில் சிவப்பு மறைந்துவிட்டது. குருநகரில் இன்னும் ஒருவரும் மறக்கவில்லை.

சென்ற கிழமை ஜெயசுதனின் இன்ரநெற் கடைக்குள் புகுந்து, காதில் ஹெட்போனோடு விளையாடிக்கொண்டிருந்த தங்கை ஜெயனியைக் கதிரையோடு இழுத்து விழுத்தி அறைந்தவன் அவளுடைய அண்ணன் எமில்ராஜ். பொடியன்களுக்கு நடுவில் குமர்ப்பிள்ளைக்கு என்ன விளையாட்டு என்பது அவனுடைய கேள்வி. ஜெயசுதன் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் கடை இருக்கிறது. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் தங்கச்சி என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

ஊர் அறிந்த காரணம் அது. வீடு அறிந்த காரணம் வேறு. பாசையூரில் றொகான் என்று ஒருவன், பெரிய படகுக்குச் சொந்தக்காரன், ஜெயனியைப் பெண் கேட்டிருந்தான். கலியாணம் சரிவந்தால் அந்தப் படகில் எமில்ராஜுக்கு ஒரு பங்கு. ஜெயனி மாட்டேன் என்றாள். தாயில்லாத பிள்ளை விருப்பமில்லை என்றால் விடு என்று தகப்பன் சந்தியோகுவும் சொல்லிவிட்டார். அந்த ஆத்திரத்துக்குத்தான் இன்ரநெற் கடை ஒரு சாட்டாகக் கிடைத்தது.

அடித்த அடுத்த நாள் சந்தியோகு கொட்டிலுக்குள் நீலத் தறப்பாளால் போர்த்து வைத்திருந்த பதினைந்து குதிரைவலுப் படகு எஞ்சினை விற்றுவிட்டு வந்து, காசை மகளின் மடியில் வைத்தார். “வீட்டிலை இருந்து விளையாடு பிள்ளை. ஒருத்தன்ரை கடை வாசலும் மிதிக்க வேண்டாம்” என்றார்.

நாரி பிடித்து இடுப்பு வளையாமல் போன பிறகு ஆழக்கடலை விட்டுவிட்டு, கம்பு ஊன்றி வள்ளம் தாங்கிக் கரைவலைப் பக்கம் போய்வருகிற மனிதர் அவர். அந்த எஞ்சின் என்றைக்கோ ஒரு நாள் தனக்குத்தான் என்று எமில்ராஜ் வருடக்கணக்காகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். விற்ற செய்தி கேட்டு அவன் கத்துவான், பீங்கான் உடைப்பான் என்று ஜெயனி பயந்துகொண்டிருந்தாள். அவன் சிரித்தான். இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் கூடப் பயந்தாள்.

இன்றைக்கு அந்தக் காசும், நண்டுக் கம்பனியில் அவள் நகக்கண் கிழியக் கிழியச் சதை பிரித்துச் சேர்த்த சம்பளமும் ஒரே பையில் இருந்தன. தகப்பனும் மகளுமாக ஆளுக்கொரு சைக்கிளில் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கொழும்பில் கீர்த்திகா என்ற பெண் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு விளையாட்டு அணி நடத்துகிறாள். ஐவரும் பெண்கள். கணினியில் விளையாடிப் போட்டிகளில் பரிசு எடுப்பது அவர்களுக்கு வேலை. ஒருத்தி வெளிநாடு போய்விட்டாள். அந்த இடத்துக்கு இரண்டு பேரைப் பார்த்து வைத்திருந்தாள் கீர்த்திகா. ஒருத்தி யாரோ மட்டக்களப்புப் பிள்ளை, மற்றவள் ஜெயனி. மாதச் சம்பளமும் கொழும்பில் தங்க அறையும் உண்டு. இன்று மாலை ஆறு மணிக்குச் சோதனை ஆட்டம். சொந்தக் கணினியில் வரவேண்டும், வராதவருக்கு இடமில்லை. நண்டு மணமும் அண்ணையின் கையும் இல்லாத ஓர் ஊருக்குப் போவதற்கு ஜெயனிக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கடைக்காரன் செந்தூரன் உரும்பிராய்ப் பக்கம். தகப்பனுடைய வெங்காயத் தோட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே கணினிப் பாகங்கள் விற்கிறான். சந்தியோகுவைப் பார்த்ததும், வாங்குவது மகனுக்கென்று நினைத்து, மகன் வரவில்லையா என்று கேட்டான். மகளுக்குத்தான் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு பல்லிளிப்பு. உடனே உள்ளே போய், சுற்றிவர றோஸ் நிற விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து வைத்தான்.

ஜெயனி விளக்கைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பி, அதற்குள் சும்மா சேர்த்துக் கொடுத்திருந்த பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

“இது பேப்பர் மாதிரிக் கிடக்கு. எங்கடை பக்கம் கரண்ட் ஏறி இறங்குறது. உது ஒரு நாள் சாகேக்கை மற்றதுகளையும் கொண்டு போகும்.”

செந்தூரனின் பல்லிளிப்புப் பாதியாயிற்று. அதற்குப் பிறகு அவன் தங்கச்சி என்பதை விட்டு, நீங்கள் என்று கதைக்கத் தொடங்கினான்.

மாதக்கணக்காகப் போனில் பார்த்துப் பார்த்து அவள் எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாள். ஏதோ ஒரு காரியாலயம் கழித்துவிட்ட பழைய கணினியின் மதர்போட்டும் அதோடு இருந்த புரோசசரும். மெமறி பழசு, போதுமான அளவு. தகவல் சேமிக்கிற தட்டு மட்டும் புதிசு. மூலையில் கீறல் விழுந்த ஒரு மொனிற்றர். கையில் இருப்பதற்கு இதற்குமேல் ஆசைப்பட முடியாது. இழுபறி முழுக்கக் கடைசி இரண்டு சாமான்களில்தான் வந்தது. பெரிய கிராபிக்ஸ் காட் எடுத்தால் பெட்டியோடு வந்த பேப்பர்ப் பவர் சப்ளைதான். நல்ல பவர் சப்ளை எடுத்தால் காட் ஒரு படி சின்னது.

சந்தியோகு கதிரை நுனியில் இருந்து ஒவ்வொன்றையும் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். இது என்ன, அது என்ன என்று கேட்டார். ஜெயனிக்கு அவருடைய பாசை தெரியும். புரோசசர் படகு நடத்துகிற தண்டையல், கிராபிக்ஸ் காட்தான் எஞ்சின், பவர் சப்ளை பெற்றோல் தாங்கி என்று சொன்னாள். அவருக்கு விளங்கிவிட்டது.

“அப்ப எஞ்சின் கொஞ்சம் சின்னனாயிருந்தாலும் பறவாயில்லை பிள்ளை. ஓட்டைத் தாங்கியோடை கடலுக்கு இறங்கக் கூடாது.”

நல்ல பவர் சப்ளையை எடுத்தார்கள். செந்தூரன் சாமான்களைக் கட்டிக்கொண்டே எந்த இடம் என்று விசாரித்தான். குருநகர் என்றதும் கை நின்றது.

“கடல்கரை வீடோ? அப்ப கவனம் ஐயா. உப்புக் காத்துக்கு உள்ளுக்கை இருக்கிற கம்பி கால் எல்லாம் கறள் பிடிக்கும். அடிக்கடி துடைச்சு மூடி வைச்சிருங்கோ.”

காலையில் இருந்து விளங்காத சொற்களுக்குள் தத்தளித்துக்கொண்டிருந்த சந்தியோகு அப்போதுதான் நிமிர்ந்து இருந்தார். கறள்! இரும்பைத் தின்கிற அந்தத் துரு, ஆயுள் முழுக்க அவர் மல்லுக்கட்டிய எதிரி. “கறளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் தம்பி” என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது. பாவம், அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

விறாந்தையில் பாயை விரித்து ஜெயனி பாகங்களைக் கணினியாகப் பூட்டத் தொடங்கியபோது மத்தியானம் ஆகியிருந்தது. எமில்ராஜ் சாய்மனைக் கதிரையில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சினை விற்றுப் பிச்சை உண்டியல் வாங்கியிருக்கிறார்கள் என்றான். தங்கச்சி விளையாடிச் சம்பாதிக்க அப்பா கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கலாம் என்றான். நண்டின் காலுக்குள்ளிருந்து சதையை நூல் அறாமல் இழுக்கிற விரல்கள் அவளுடையவை. ஒவ்வொரு பாகமாக எடுத்து அந்தந்த இடத்தில் இருத்தி, இழுத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போனாள்.

பொத்தானை அமத்தினாள். காத்தாடி சுற்றியது. கீறல் விழுந்த மொனிற்றரில் வெள்ளை எழுத்து வந்தது.

சந்தியோகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெயனிக்கு அழுகை வந்தது. இருபத்தொரு வயதில் அவளுக்கென்று இந்த வீட்டில் வந்த முதற் பொருள் அது. அடிவாங்கிய கன்னம்கூட அந்த நிமிடத்தில் அவளுக்கு மறந்துபோனது.

“வைபை எங்கை?” என்று கதிரையில் இருந்து குரல் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“காரியாலயத்துப் பழைய மதர்போட். அதிலை வைபை இல்லை. பின்னுக்குச் செருகுற டொங்கிள் வேணும். இல்லாட்டி நீயும் உன்ரை பெட்டியும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.”

எமில்ராஜ் சொன்னது சரி. கெட்டிக்காரன் அவன். மானிப்பாயில் ஒரு கைப்பேசி திருத்துகிற கடையில் இரண்டு வருடம் வேலை செய்தவன். முதலாளியோடு கொழுவிக்கொண்டு வந்த பிறகு ஒரு வேலையும் பிடிக்கவில்லை. மாதக்கணக்காக எண்ணி எண்ணி வாங்கியவள் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு சாமானை மறந்துவிட்டாள். சொந்தக் கணினி வாங்காதவர்களுக்குத்தான் இந்த மறதி வரும். இன்ரநெற் கடையில் எல்லாம் முன்னரே பொருத்தியே இருக்கும்.

நேரமில்லை, மோட்டார் சைக்கிளில் ஒருமுறை கூட்டிப் போங்கோ அண்ணை என்று கேட்டுப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டாள். அவன் கொட்டாவி விட்டான்.

அந்த மோட்டார் சைக்கிளை அவன் பெற்ற பிள்ளை போல வைத்திருந்தான். ஒரு முறை கரையில் யாரோ எரிச்சலில் இன்னொருவனுடைய பெற்றோல் தாங்கிக்குள் சீனியைக் கொட்டிவிட, அந்த வண்டி இருமி இருமி நின்று, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. அன்றிலிருந்து எமில்ராஜ் வண்டியை வெளியில் விடுவதில்லை. குசினிக்குப் பின்னால், வீட்டாரின் கண் படுகிற இடத்தில்தான் நிறுத்துவான். வண்டியையும் அதன் பெற்றோல் தாங்கி மூடியையும் திறக்கிற சாவியை மட்டும் குசினி வாசல் ஆணியில் துணிந்து தொங்கவிடுவான். இந்த வீட்டில் தன் சாவியைத் தொட ஒருவருக்கும் நெஞ்சு வராது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு எழுந்தாள். வந்து சரிபார்க்கலாம் என்று பெட்டியின் பக்க மூடியைத் திறந்தபடியே விட்டாள். ஒருவரும் இதைத் தொட வேண்டாம் என்று அண்ணையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் பார்த்துக்கொள்ளுறன், நீ போட்டு வா பிள்ளை” என்றார் தகப்பன்.

செந்தூரன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். படியில் குந்தியிருந்து காத்துக் கிடந்து, டொங்கிளை வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்து வந்தாள்.

விறாந்தையில் கணினி மூடப்பட்டிருந்தது. ஆணிகள் எல்லாம் ஒழுங்காக முறுக்கியிருந்தன. பெட்டி பளபளத்தது. பக்கத்தில் சந்தியோகு சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டு நின்றார். தூசு படாமல் அப்பா மூடி வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். மண்ணெண்ணெய் மணத்தது. அந்த வீட்டில் அது என்றைக்கும் மணப்பதுதான்.

டொங்கிளைச் செருகினாள். மின்சாரம் கொடுத்தாள். பொத்தானை அமத்தினாள்.

காத்தாடி அரைச் சுற்றுச் சுற்றியது. உள்ளே டப் என்று ஒரு சத்தம். பிறகு றப்பர் கருகிய மணம். பிறகு ஒன்றுமில்லை.

அவள் ஆணிகளைக் கழற்றினாள். கிராபிக்ஸ் காட்டின் அடியில் தண்ணீர் துளித்துளியாக நின்றது. மதர்போட்டின் இடுக்குகளில் தண்ணீர். அதற்கு மேலே எண்ணெய் பூசிய மினுக்கம், ஒரு மூலை விடாமல்.

கடலுக்குப் போகிற எவரும் செய்வதைத்தான் சந்தியோகு செய்திருந்தார். கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்க வேண்டும். துடைக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயும் எண்ணெயும் தோய்ந்த சீலையால் இடுக்கெல்லாம் தடவி மூட வேண்டும். இப்படிச் செய்துதான் அந்த எஞ்சினைக் கறள் அண்டாமல் இத்தனை காலம் காப்பாற்றினார். விற்ற நாளிலிருந்து பின்னேரங்களில் கைக்கு வேலையில்லாமல் அலைந்த மனிதர், இன்று ஆசையோடு அந்தச் சீலையைத் தேடி எடுத்திருக்கிறார்.

மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்புக் கழன்றது.

“நல்ல தண்ணிதான் பிள்ளை. உப்புத் தண்ணி இல்லை. குடிக்கிற தண்ணி.”

ஜெயனி மின்கம்பியைப் பிடுங்கினாள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினாள். பவர் சப்ளையை மட்டும் தனியே எடுத்து, ஒரு கம்பித் துண்டை வைத்துச் சோதித்தாள். அது சுற்றியது. கிராபிக்ஸ் காட்டின் ஒரு பக்கம் கருகியிருந்தது. மதர்போட்டில் ஒரு சின்னச் சில்லு வெடித்திருந்தது. மற்றவற்றைக் காப்பாற்றுவதற்காக அவள் கூடக் காசு கொடுத்து வாங்கிய பொருள் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அப்போது அவளுடைய வாயிலிருந்து வந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். அவள் கத்தவில்லை. அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

“அம்மா செத்த நேரம் நான் அழுதனான். இப்பத்தான் விளங்குது. அம்மா உங்களிட்டை இருந்து தப்பிப் போட்டா. நான்தான் மாட்டுப்பட்டுப் போனன்.”

சந்தியோகு ஒரு அடி பின்னால் போனார். கையில் இருந்த எண்ணெய்ச் சீலையை நாலாக மடித்தார். மடித்ததை விரித்தார். திரும்பவும் மடித்தார். அவருடைய உதடு எதையோ சொல்லத் தேடியது. ஒரு மனிதன் தன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறபோது எப்படி இருப்பான் என்று ஜெயனி அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கிறபோது அவளுக்கு ஒரு கணம் திருப்தியாகக்கூட இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்துத்தான் பிறகு அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

“நானாச் செய்யேல்லைப் பிள்ளை” என்றார் அவர் கடைசியில். “கொண்ணை எமில்ராஜ்தான் போனிலை லைற் பிடிச்சவன். உள்ளுக்கை இருட்டாக் கிடந்தது. அவன் உதுகள் படிச்சவன், பக்கத்திலை நிண்டவன் எண்டதாலைதான் நான் துணிஞ்சு… அந்தப் பக்கம் ஒரு மூலை விடுபட்டுப் போச்செண்டுகூட அவன்தான் காட்டினவன்.”

ஜெயனி எழுந்து அண்ணையைத் தேடிப் போனாள்.

எமில்ராஜ் குசினிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அவள் வந்து நின்றதைக் கண்டும் நிமிரவில்லை.

“லைற் பிடிச்சனீங்களோ?”

“ஓம்.”

“தண்ணி பட்டால் போயிடும் எண்டு தெரியும் உங்களுக்கு.”

“ரெண்டு வருசம் நனைஞ்ச போனைத்தானே திறந்து திறந்து பார்த்தனான். தெரியாமல் இருக்குமோ?” மாங்காய்க் கொட்டையை வேலிக்கு அப்பால் எறிந்தான். “எஞ்சினை விக்கேக்கை அந்தாள் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டதோ? துடைக்கேக்கை நானும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. கணக்குச் சரி.”

அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்றாள் அவள். அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து முடித்தவனுடைய ஆறுதல் இருந்தது.

“சொல்லு. பெத்த மகன் வேணுமெண்டு நிண்டு பார்த்தவன் எண்டு சொல்லு. பெட்டி போனது அந்தாளுக்கு ஒரு கிழமை நோகும். நான் செய்தது தெரிஞ்சால் சாகுமட்டும் நோகும். நீதானே அப்பாவிலை உயிர். போய்ச் சொல்லு பாப்பம்.”

அவளுக்கு அவனுடைய முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. துப்பவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் அவளை அடித்துப்போட்டது. அப்பாவிடம் தான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதென்றால், அண்ணை செய்ததென்ற அதைவிடப் பெரிய ஒன்றால் அந்தக் கிழட்டு நெஞ்சில் அடிக்க வேண்டும்.

விறாந்தைக்குத் திரும்பினாள். சந்தியோகு பாயில், செத்துப்போன பாகங்களுக்கு நடுவில் இருந்தார். ஒவ்வொன்றையும் தன் சாரத் தலைப்பால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்துக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தபோது கண்ணில் வேறு ஏதோ இருந்தது. அவரும் யோசித்திருக்கிறார். பாமரன்தான், மடையன் இல்லை.

“பிள்ளை, உண்மையைச் சொல்லு. தண்ணி படக்கூடாதெண்டு கொண்ணைக்குத் தெரியுமோ?”

எமில்ராஜ் அவளுக்குப் பின்னால் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவனுடைய வாயில் இருந்து மாங்காய் மணம் வந்தது. தகப்பனுடைய பார்வை மகளின் முகத்தை விட்டு அசையவில்லை. அந்த முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவர் எந்தப் பதிலுக்குக் கெஞ்சுகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

“தெரியாது அப்பா” என்றாள் ஜெயனி. “அண்ணை பார்த்தது போன்தானே. உது வேறை.”

சந்தியோகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்தன. அப்படியென்றால் பிழை என்னுடையதுதான் என்று சொன்னபோது, நம்புவீர்களோ தெரியாது, அவருடைய முகத்தில் நிம்மதி வந்தது. தன்னுடைய பிழையைத் தூக்கிக்கொண்டு நடக்க அவருக்குப் பழக்கம் உண்டு. மகனுடையதைத் தூக்கத்தான் பலமில்லை.

ஜெயனி அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்கப் போனாள். சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். வாய் திறப்பதற்குள் அவர் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

“என்ரை பிள்ளையைப் போய் நான் ஒரு கணம் சந்தேகப்பட்டுப் போட்டன். ஆண்டவர் மன்னிக்கோணும். அவன் எனக்கு லைற் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். அவனைக் கேக்காமல் எஞ்சினை வித்துப்போட்டு வந்தது நான். அப்பிடியிருந்தும் உனக்காக நிண்டவன்.” சீலையால் கண்ணைத் துடைக்கப் போய், எண்ணெய் என்று நினைவு வந்து நிறுத்தினார். “போன கிழமை கை நீட்டினது பிழைதான். எண்டாலும் உன்ரை நன்மைக்குத்தான் செய்திருப்பான். நானும் உன்ரை செல்லத்துக்கு ஆடி, இருந்ததையும் துலைச்சுப் போட்டன். இனி இந்த வீட்டிலை அவன் சொல்லுறது நடக்கட்டும் பிள்ளை.”

நிலையில் சாய்ந்து நின்றவன் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அப்ப நாளைக்கு றொகான் வீட்டுக்காரரை வரச்சொல்லட்டோ அப்பா?”

சந்தியோகு மகளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த மெமறித் தகட்டைப் பார்த்துக்கொண்டு, “வரட்டும்” என்றார்.

தகப்பனைக் காப்பாற்றுவதற்காக ஜெயனி சொன்ன ஒரே ஒரு பொய் அவளையே கட்டி அண்ணையின் கையில் கொடுத்துவிட்டது. உண்மையைச் சொல்ல இனி வழியில்லை. சொன்னாலும் கலியாணத்துக்குப் பயந்து அண்ணை மேல் பழி போடுகிறாள் என்பார்கள். முதலில் அப்படிச் சொல்லப்போகிறவர் அப்பாவாகத்தான் இருப்பார்.

அப்பாவுக்குத் தேத்தண்ணி போடு, களைத்துப்போய் இருக்கிறார் என்று எமில்ராஜ் பரிவோடு சொன்னான். அவள் எழுந்து குசினிக்குப் போனாள்.

அடுப்பில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தபோது கீர்த்திகா அழைத்தாள். ஆறு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. மட்டக்களப்புப் பிள்ளை உள்ளே வந்து ஆயத்தமாக நிற்கிறாள், உங்களை இன்னும் காணவில்லையே என்றாள். ஜெயனி மெசின் பழுதாகிப் போயிற்று அக்கா என்றாள். எப்படி என்று கீர்த்திகா கேட்டாள். தண்ணீர் பட்டுவிட்டது என்றாள். தன்னுடைய கணினியில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற ஒருத்தியைப் பற்றிக் கொழும்பில் இருக்கிற ஒரு பெண் என்ன நினைப்பாளோ, அதைத்தான் கீர்த்திகாவின் குரல் சொன்னது.

“சரி ஜெயனி. அப்ப நான் அவவை எடுக்கிறன். குறை நினைக்காதைங்கோ.”

தொடர்பு அறுந்தது. தண்ணீர் கொதித்தது.

இரண்டு பேணிகளில் தேயிலைச் சாயம் ஊற்றினாள். சீனிப் போத்தலை எடுத்தாள். அப்பாவுக்கு ஒரு கரண்டி. அண்ணைக்கு மூன்று, அவன் இனிப்பாகத்தான் குடிப்பான். கொண்டுபோய் இருவருக்கும் கொடுத்தாள். எமில்ராஜ் ஒரு மிடறு குடித்துவிட்டு, போனைக் காதில் வைத்துப் பாசையூருக்குக் கதைக்கத் தொடங்கினான். அவன் கதைக்கிற வேகத்துக்கு இப்போதைக்கு எழும்ப மாட்டான். அப்பா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

பாயின் ஓரத்தில் எண்ணெய்ச் சீலை நாலாக மடித்தபடி கிடந்தது. அண்ணை எவ்வளவு பொறுமையாக நின்று வெளிச்சம் பிடித்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு மூலை விடுபட்டதைக்கூடக் கவனித்திருக்கிறான். அந்தப் பொறுமை தனக்கும் வரும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. நண்டு உடைத்தவள், அவளுக்கு வரும்.

குசினிக்குத் திரும்பினாள். சீனிப் போத்தலை மூடினாள், ஆனால் தட்டில் வைக்கவில்லை. வாசல் ஆணியில் இருந்த சாவியைச் சத்தமில்லாமல் எடுத்தாள். பின் வளவில் மோட்டார் சைக்கிள் நின்றது. தாங்கி வாயில் சீனி சிந்தினால் துடைக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய்ச் சீலையையும் அவள் கையோடு எடுத்து வந்திருந்தாள்.